கல்யாணப் பந்தியில் லம்புருஸ்கோ

— அந்தப் பெட்டிங்களைத் திரும்ப வண்டியில ஏத்து டிமெர். நம்ம பொண்ணு மொரேனா கல்யாணப் பந்திக்கு உன் லம்புருஸ்கோ ஒயின் வராது. சொல்லிட்டேன்.

— அடடே, நீவெஸ் மகராசியா! என்னை விட்டுட்டுப் போனவ இத்தனை வருஷம் கழிச்சு சமையக்கட்டுப் பின்வாசல்ல வந்து நிக்கிறா. நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல. பெட்டியை ஏத்துங்கறா.

— நல்லாத்தான் இருக்க, தொப்பையே சொல்லுதே. இதபாரு, லாப்போ தன் தோட்டத்துப் புருனெல்லோவைக் கொண்டுவந்திருக்காரு. விருந்தாளிங்க முன்னாடி அதுதான் மரியாதை.

— உன் புது வீட்டுக்காரர் ஒயின்தானே? குடிச்சிருக்கேன். நாக்குல சாக்குத்துணியைத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. வருஷக்கணக்கா மரப்பீப்பாயில கெடந்தாத்தான் வாயைத் திறக்குமாமே?

— ஆமா. அதுக்குப் பொறுமை வேணும். செர்ரிப்பழம், புகையிலை, பழைய தோலுன்னு ஒவ்வொரு வாசமா மெதுவா வரும்.

— பழைய தோல் வாசத்துக்கு என் செருப்பு போதாதா? அது சரி, அவரும் அப்படித்தானா? ராத்திரி நாலு வார்த்தை பேசணும்னா மத்தியானமே மூடியைக் கழட்டி வைக்கணுமா?

— அவர் அளந்து பேசுவாரு. நீயும் உன் ஒயினும் ஒண்ணு. திறந்த உடனே புஸ்ஸுன்னு பொங்கி மேசையெல்லாம் கறையாக்கும். கொஞ்ச நேரத்துல நுரை அடங்கிடும்.

— அந்தக் கொஞ்ச நேரத்துலதான் தாயே மொரேனா பொறந்தா.

— சீ! வாயைக் கழுவு.

— கழுவத்தானே பெட்டியை இறக்கினேன். சரி சரி, கோவிச்சுக்காத. இன்னிக்குப் பந்தியில என்ன? நீயே சொல்லு.

— கோழிச் சூப்புல கறி வச்ச குட்டிக் கொழுக்கட்டை, அதான் கப்பெல்லெத்தி. அப்புறம் பன்னிக்கால்ல கறி அடைச்சு வேகவச்ச ஸாம்போனே. பொரிச்ச ரொட்டி, பன்னிக்கொழுப்பு வச்ச மொர்த்தடெல்லாத் துண்டு.

— எல்லாம் கொழுப்பு. ஒரு வாய் தின்னா உதடு ஒட்டும். அதை அறுத்து உள்ள தள்ளப் புளிப்பும் நுரையும் வேணும், ஜில்லுன்னு. புருனெல்லோ காட்டுப்பன்னிக் கறிக்கு ராஜா, ஒத்துக்கறேன். இங்க சூப்புக்குப் பக்கத்துல வச்சா, திருவிழாவுக்குக் கோட்டு போட்டுட்டு வந்த வக்கீல் மாதிரி முழிக்கும்.

— முழிக்கட்டும். சியெனாவுல இருந்து அவர் அக்கா வந்திருக்காங்க. நம்ம ஊர் ஆளுங்க சூப்புக் கிண்ணத்துலயே லம்புருஸ்கோவை ஊத்தி, ஊதாக் கலர்ல கலக்கி, சர்ருன்னு உறிஞ்சுவாங்க. அந்தம்மா மயக்கம் போட்டு விழும். நான் எங்க மூஞ்சியை வச்சுக்கறது?

— நீ உறிஞ்சாததா? உன் சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்பும்.

— அது அப்போ. இப்ப எனக்கு அதெல்லாம் பிடிக்கறதே இல்ல. லாப்போகூட உக்காந்து புருனெல்லோ குடிச்சுப் பழகிடுச்சு.

— பழகிடுச்சா! மருந்து மாதிரி சொல்றியே. நீவெஸ், கிண்டல் இல்லாம ஒண்ணு கேக்கறேன். பொண்ணைப் படிக்க வச்சது அவரு. வேலை வாங்கிக் குடுத்தது அவரு. இன்னிக்கு அவ பந்தியில என் ஒயினும் இல்லன்னா நான் யாரு? நாற்காலி போட வந்தவனா? எனக்கு வலிக்குது.

— மனசை உருக்காத டிமெர். முடியாது. லாப்போ மனசு நோகும்.

— அவரைக் கேட்டியா?

— கேக்கவே வேண்டாம். அவர் மனசுல இருக்கறது எனக்குத் தெரியும். என் மனசுல இருக்கறது அவருக்குத் தெரியும்.

— ரெண்டாவது சரிதான்.

— என்ன உளறுற?

— இந்தப் பெட்டிங்களைக் கொண்டுவரச் சொன்னதே உன் வீட்டுக்காரர்தான். நேத்து சாயங்காலம் என் வீட்டுக்கே வந்தாரு. நீ உன் வாயால ‘வச்சுட்டுப் போ’ன்னு சொல்லுவியான்னுதான் இவ்வளவு நேரம் பேச்சுக் குடுத்தேன்.

— பொய்! தன் ஒயினை ஒதுக்கிட்டு அவர் எதுக்கு உன் வாசல்ல வந்து நிக்கணும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். ‘கல்யாணத்தன்னிக்காவது நீவெஸ் தனக்குப் பிடிச்சதைக் குடிக்கட்டும். என் ஒயினை அவ பாத்திரம் கழுவுற தொட்டியில கொட்டறதை, வந்த நாள்ல இருந்து பாத்தும் பாக்காத மாதிரிதான் இருக்கேன்’னாரு.