கணினிச் செம்மல் கழித்துவிட்ட காத்திருப்பு

இரங்கல் கூட்டத் தலைவர் திரு. குலசிங்கம் அவர்களே, மறைந்த கணினிச் செம்மல் ஜெயபாலன் அவர்களின் துணைவியார் முத்தம்மா அவர்களே, குனோங் ராபாட்டிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே, எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்த தோழர்களே, கடைசி வரிசையில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருளாயியே! எல்லோருக்கும் இந்தச் சன்னாசியின் வணக்கம்.

தொழிலாளர் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டேன். இந்த உரையை என் கையாலேயே எழுதினேன். கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் போன வருடம்தான் எழுத்துக் கற்றேன். 'ஜெ' எழுதுவதற்கு மட்டும் ஒரு மாலைப் பொழுது போயிற்று. எழுதி முடித்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! அவர் இறந்ததற்காகவா மகிழ்ச்சி? அதற்காகவும்தான். முத்தம்மா அவர்களே, நீங்கள் அழலாம். நான் தடுக்க மாட்டேன்.

கணினிச் செம்மல் ஜெயபாலன் யார்? நம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஈப்போவில் படித்து, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர். இந்த மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர். நம் பிள்ளைகளுக்கு இலவசக் கணினி வகுப்பு நடத்தியவர். இதையெல்லாம் முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாத ஒரு சேவை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

ஆலையில் ரப்பரை நசுக்கும் உருளைக்கு நான்தான் சுவிட்சுக்காரன். உருளையில் ஒட்டிய ரப்பர் பாலைப் பெண்கள் கையால் வழிப்பார்கள். ஓட்டுவதற்கு முன்னால் நான் "கை!" என்று கத்துவேன். அவர்கள் கையை எடுத்துவிட்டு "ஆச்சு!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் சுவிட்சைத் தொடுவேன். அது எங்கள் முறை. யாருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை.

என் இடத்துக்கு ஜெயபாலன் அவர்கள் ஒரு பெட்டி செய்தார். முதலில் மணி அடிக்கும், கொஞ்சம் காத்திருக்கும், பிறகு உருளை சுற்றும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார்.

"அண்ணே, ஒரு தடவ கத்திக் காட்டுங்க. நீங்க கத்துறதுலேர்ந்து அவங்க சொல்ற வரைக்கும் மெஷின் சும்மா எண்ணிக்கிட்டு நிக்கட்டும்."

நான் கத்தினேன். நான் கத்தியதிலிருந்து பெண்கள் "ஆச்சு" சொல்லும் வரையான நேரத்தைத்தான் அந்தப் பெட்டி எண்ணியது. ஆறு மாதம் ஒழுங்காக எண்ணியது.

பிறகு அந்தப் பெட்டிக்கு இன்னும் சில வேலைகளைக் கொடுத்தார். புதிதாகச் சேர்த்த வேலைகளோடு அவர் எழுதிய நிரல் பெட்டியின் சிப்புக்குள் அடங்கவில்லை. நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். திரையில் ஒரு கட்டளை வரி அடித்தால் அது வேலை செய்யும். அந்த வரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தால், வேண்டாததைக் கம்பைலரே கழித்துவிடும். நிரல் சிறுக்கும், ஓட்டம் கூடும். சேர்த்தார். சிறுத்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணே! எவ்ளோ கழிச்சிருச்சு! நான் ஒக்காந்து செஞ்சா ஒரு வாரம் ஆவும்லா!"

எதைக் கழித்தது என்று பார்த்தாரா? மணியை அடித்துப் பார்த்தாரா? இல்லை! சிப்பை மாட்டினார், காப்பி குடிக்கப் போனார்.

சும்மா எண்ணிக்கொண்டு நிற்பதால் ஒரு விடையும் வரவில்லை. ஆகவே அது வீண் வேலை என்று கம்பைலர் முடிவு செய்திருந்தது. மறுநாள் காலை மணியும் உருளையும் ஒன்றாகவே கிளம்பின. இருளாயியின் வலது கை உள்ளே இருந்தது.

நான் பெட்டியை உடைத்துத்தான் நிறுத்தினேன். கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணையில் ஜெயபாலன் அவர்கள் என்ன சொன்னார்? "அந்தம்மா தூங்கிட்டாங்க சார்." அவ்வளவுதான். அன்றைக்கே அந்த எழுத்து இல்லாமல் வரியை மறுபடி அடித்து, புதிய சிப்பை மாட்டினார். மணிக்குப் பிறகு காத்திருப்பு திரும்பி வந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, போயி உண்மையச் சொல்லுங்க."

"சொன்னா என் வேல போயிரும்லா அண்ணே. அந்தம்மாவுக்குப் போனது போனதுதான். சொன்னா மட்டும் வெரல் மொளைக்கவா போவுது?"

நானே போய்ச் சொன்னேன். விசாரணை அதிகாரி சிரித்தார். "ஒனக்குப் படிக்கத் தெரியுமாலா? கம்பைலரப் பத்தி நீ சொல்லிக் குடுக்குறியா?" என்றார். இருளாயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று முதல் அவளுக்கு ஊரில் என்ன பெயர்? தூங்குமூஞ்சி! இந்த மண்டபத்தில் அப்படிக் கூப்பிடாதவர் யார்? ஜெயபாலன் அவர்களின் காதிலும் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனார். செம்மல் பட்டம் வாங்கும்போது நிமிர்ந்தார்.

அவள் விரலைக் கேட்கவில்லை. "நான் தூங்கலேன்னு அந்தத் தம்பி ஒரு வார்த்த சொன்னாப் போதும் அண்ணே" என்றுதான் இரண்டு வருடமாகக் கேட்டாள். பூப்பந்து ஆடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாரே, அந்த வினாடி வரை அவருக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. இனி அவர் வாயால் வராது. என் வாயால் கேளுங்கள்: இருளாயி தூங்கவில்லை!

தலைவர் மணி அடிக்கிறார். "பெரியவரே, போதும், ஒக்காருங்க" என்கிறார். தலைவரே, மணி அடித்த பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இவ்வளவு சொல்லியுமா தெரியவில்லை?

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அவர் பெயரில் கணினி வகுப்பு தொடங்கப் போகிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு வருடமும் முதல் நாள் நான் வருவேன். அந்த ஓர் எழுத்தைப் பலகையில் பெரிதாக எழுதுவேன். பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுவேன். 'ஜெ' இப்போது எனக்கு நன்றாக வருகிறது.

கடைசியாக மௌன அஞ்சலி. ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கப் போகிறோம். நம் கூட்டங்களில் யாராவது இருமியதும் உட்கார்ந்துவிடுவோம். இன்று அப்படிக் கழிக்க வேண்டாம். நான் கத்தியதும் எழுந்து நில்லுங்கள். "ஆச்சு" என்று இருளாயி சொன்ன பிறகு உட்காருங்கள். முத்தம்மா அவர்களே, நீங்களும்தான்.

இருளாயி, ஒனக்கு அவசரமில்லம்மா. நீ நெனச்சப்பச் சொல்லு.

கை!