மாஸ்டரின் பக்கவிளைவுகள்

உங்கள் காரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தியிருக்கிறீர்கள், டாக்டர். குறையாகச் சொல்லவில்லை. காலையில் அவசரமாக வந்திருப்பீர்கள். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்சக்கரம் கோட்டைத் தாண்டி நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

கேட்டதற்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றுதானே கேட்டீர்கள்? ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாப்பாடு முடிந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக நான் போய் நிற்பேன், அவர் வாயைத் திறப்பார். அந்த விஷயத்தில் அவரைப் போல ஒரு நோயாளி உங்களுக்குக் கிடைக்க மாட்டார். பிறகு எப்படி ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு, எப்படி இதயக் குழாயில் இவ்வளவு அடைப்பு என்று நீங்கள் குழம்புவது நியாயம்தான். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். வெளியே என் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பாம்புக் காது.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். பழகுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் கடைசி முடிவு அந்தக் காலில்தான். வீட்டிலும் அவருக்கு அந்தப் பிரேக் இருந்தது. நான் வெங்காயம் நறுக்கினால், "மெதுவா, மெதுவா, கை எங்க போகுது பாரு" என்பார். போனில் பேசிக்கொண்டிருந்தால், "போதும், ஓரங்கட்டு" என்பார். தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட, "சிக்னல் போடாம திரும்புறா" என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை. குரல் மட்டும்தான். ஆனால் அந்தக் குரல் வீட்டுக்குள் வந்துவிட்டால் மற்ற எதற்கும் இடமிருக்காது.

நான் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே இந்தக் கதையில் தெரியாமல் செய்தது என்று எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன வருஷம் எங்கள் குடும்ப டாக்டர், அவருக்குக் கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சிம்வாஸ்டாடின் எழுதினார். படுக்கப் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை. மாஸ்டர் அதைத் தொடுவதற்கு முன்னால் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பக்கவிளைவுக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டார். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துப் படித்தார். தசைவலி என்ற இடம் வந்ததும் "ம்" என்றார். மறுநாள் எழுந்திருக்கும்போது தொடை வலித்தது.

தசையில் ஏதாவது பாதிப்பா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இருந்தாலும் மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் அடார்வாஸ்டாடின் கொடுத்தார். கொஞ்சம் வலுவானது, எந்த நேரத்திலும் சாப்பிடலாம். அதில் வலி தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கியது. கூடவே ஞாபக மறதி. நான் வாங்கிவரச் சொன்னது மட்டும் மறந்துபோகும். அடுத்தது பிரவாஸ்டாடின். தசையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்பார்கள், வேகம் குறைவு. "இதுல பிக்கப்பே இல்ல" என்று மாஸ்டரே அதை நிராகரித்துவிட்டார். கடைசியில் ரோசுவாஸ்டாடின். சின்ன அளவில் பெரிய வேலை செய்கிற மாத்திரை. "சின்ன இன்ஜின், இழுவை ஜாஸ்தி" என்று அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

என் நாத்தனாரும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அண்ணனும் தங்கையும் போனில் பேசினால் முன்பெல்லாம் சொந்தக்காரர்களை அலசுவார்கள். இப்போது மாத்திரையை அலசினார்கள்.

"ஒனக்கு என்ன குடுத்திருக்கான்?"

"அடார்வாஸ்டாடின்தாண்ணா. ரொம்ப வருஷமா சாப்பிடறேன். ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னா அது வேலை செய்யலன்னு அர்த்தம். என்னோடது பத்து எம்ஜி, ஒன்னோட இருபதுக்குச் சமம். கால் ரெண்டும் பின்னி எடுக்குது."

"வலிச்சா நல்லதாண்ணா?"

"இன்ஜின் ஓடுச்சுன்னா சத்தம் வரத்தான் செய்யும்."

நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வலிக்கு நேரம் காலம் தெரிந்திருப்பதைக் கொஞ்ச நாளாகவே கவனித்து வந்தேன். தண்ணீர் கேன் தூக்கவேண்டும் என்றால் வரும். நண்பர்களோடு சீட்டாடக் கிளம்பினால் போய்விடும். எனக்குச் சின்னதாக ஒரு குறும்பு தோன்றியது. ரோசுவாஸ்டாடின் மாதிரியே இளஞ்சிவப்பாக, வட்டமாக ஒரு வைட்டமின் மாத்திரை எங்கள் கடையில் உண்டு. கிழமைக்கு ஒரு மூடி வைத்த மாத்திரை டப்பாவை நான்தான் நிரப்புவேன். அந்த வாரம் அதில் வைட்டமினைப் போட்டேன்.

"டாக்டர் வேற கம்பெனி மாத்திரை குடுத்திருக்காருங்க. இது கொஞ்சம் கடுமையா இருக்கும்னார்."

மறுநாள் காலையில் அவரால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அவர் நடிக்கவில்லை, டாக்டர். நானும் முதலில் நடிப்பு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொட்டதும் முகம் சுருங்கியது, நெற்றியில் வேர்வை. நிஜமாகவே வலித்தது. வலிக்கும் என்று நம்பினால் வலிக்கிறது. உங்கள் படிப்பில் இதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது. இந்த மாத்திரைகளைப் பற்றி வருகிற கால்வலிப் புகார்களில் பெரும்பகுதி இந்த வகை என்று நானும் படித்திருக்கிறேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லிச் சிரித்திருக்கலாம். மனிதர் அவமானப்படுவார் என்று தோன்றியது, சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதே காரணம்தான்.

அதற்கடுத்த வாரம் இன்னொன்று செய்தேன். "சத்தமா பேசினா இந்த மாத்திரை தொண்டையைப் புடிக்குமாம்" என்றேன். சாயங்காலத்துக்குள் அவர் தொண்டையைச் செருமத் தொடங்கினார். இரண்டு நாளில் குரல் பாதியாகக் குறைந்தது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு, "அடுப்புச் சூட்டுல நின்னா தலை சுத்துமாம்" என்றேன். சமையலறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் அச்சடித்தது இல்லை. நானே யோசித்தது. பேராசைப்படவில்லை, ஒன்று நன்றாகப் பிடித்த பிறகுதான் அடுத்தது.

இடது கால் அப்படித்தான் வந்தது.

"இது மொதல்ல இடது காலத்தான் புடிக்குமாம்."

"அதென்ன இடது கால்?" என்றார், அந்த மெல்லிய குரலில்.

"இதயம் அந்தப் பக்கந்தானே இருக்கு."

சரிதான் என்று தலையை ஆட்டினார். கிளட்ச் மிதிக்கிற கால், டாக்டர்.

இந்த இடத்தில் நீங்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு பழைய விஷயத்தைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் எனக்கும் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன் என்று கூட்டிப் போனார். நாற்சந்தியில், விளக்கு பச்சைக்கு மாறிய நேரத்தில், வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "இது ஒனக்கு வராது. எறங்கு" என்றார். இறங்கினேன். அவர் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஊரின் இன்னொரு பக்கத்திலிருக்கும் வேறொரு ஸ்கூலில் கடை முடிந்த பிறகு பழகி லைசென்ஸ் வாங்கினேன். சொல்லிக் கொடுப்பதற்கான உரிமமும் பின்னால் வாங்கிக்கொண்டேன். வாங்கி வைத்தால் கெட்டா போய்விடும்?

மாஸ்டர் கால் மரத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாசலில் மாணவர்கள் வந்து நின்றார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர், அடுத்த வாரம் அவளுக்கு லைசென்ஸ் சோதனை.

"மாஸ்டர் வரலையாம்மா?"

"அவருக்கு முடியல. நான் வரேன்."

டீச்சர் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். அவள் தன் பள்ளிக்கூடத்திலிருந்து நாலைந்து பேரைக் கூட்டிவந்தாள். நான் மருந்துக்கடையில் அரைநாள் வேலை என்று மாற்றிக்கொண்டேன். நான் வண்டியை வெளியே எடுக்கும்போது மாஸ்டர் ஜன்னல் வழியே பார்ப்பார். உதடு அசையும். என்ன சொல்கிறார் என்று கேட்காது.

உண்மையான மாத்திரை என்ன ஆனது என்று கேட்க வருகிறீர்கள். குப்பையில் போட மனது வரவில்லை. எனக்கும் கொஞ்சம் கொழுப்பு ஏறித்தான் இருந்தது. நானே சாப்பிட்டேன். அவருக்கென்று முன்பு வாங்கி மிச்சம் கிடந்ததையெல்லாம் வரிசையாக முடித்தேன். அதனால் இவற்றை ஒப்பிட்டுச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சிம்வாஸ்டாடின் ஒன்றும் செய்யவில்லை. அடார்வாஸ்டாடினில் கொஞ்சம் வயிறு மந்தம். ரோசுவாஸ்டாடின் எனக்கு நன்றாக ஒத்துப்போகிறது. கால்வலி சுத்தமாக இல்லை. எனக்கு அது வரும் என்று யாரும் சொல்லவில்லையே.

குடும்ப டாக்டர் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஆய்வகத்துப் பெண் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். பாவம், காலையிலிருந்து அலைந்து களைத்திருந்தாள். "நீ உக்காரும்மா, பேரை நான் ஒட்டறேன்" என்று குழாய்களில் பெயர்ச் சீட்டை நானே ஒட்டிக் கொடுத்தேன். அவர் பெயரை என் ரத்தத்துக்கும் என் பெயரை அவர் ரத்தத்துக்கும். நீங்கள் கையில் வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட் அதுதான். குடும்ப டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கண்டித்தார். "மாஸ்டரைப் பாத்துக் கத்துக்கங்கம்மா. மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா எப்படி எறங்கியிருக்கு பாருங்க." மாஸ்டர் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பைப் பார்க்கவேண்டுமே. அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன்.

நேற்றுக் காலை விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னலோர நாற்காலியில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"நெஞ்சுல என்னமோ பண்ணுது. இடது கை வேற கனமா இருக்கு."

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரிந்தது. ஆனால் வாசலில் ஒரு மாணவி வந்து நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக மேம்பாலத்தில் ஓட்டப் போகிறாள், நான் வருவேன் என்று நம்பி வந்திருக்கிறாள்.

"அது மாத்திரையோட பக்கவிளைவுதாங்க. கால்ல இருந்து மேல ஏறுது. கொஞ்ச நேரத்துல போயிடும்" என்றேன்.

"அப்படியா" என்று சாய்ந்துகொண்டார். என்னை அவ்வளவு நம்பினார்.

அந்தப் பெண் மேம்பாலத்தில் அருமையாக ஓட்டினாள். திரும்பி வந்து பார்த்தபோது அவர் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. நானே இங்கே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சிக்னலையும் மீறவில்லை. பின் சீட்டில் படுக்க வைத்தேன். பக்கத்து சீட்டில் அந்த இரண்டாவது பிரேக் இருக்கிறது. வழியில் அவர் காலை வைத்துவிட்டால் தாமதமாகும் அல்லவா? நீங்கள் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டீர்கள். நன்றி, டாக்டர். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன்.

ஆக, வைட்டமினைக் கொடுத்தது நான். பெயரை மாற்றி ஒட்டியது நான். நெஞ்சுவலி என்று தெரிந்தே விட்டுவிட்டுப் போனதும் நான். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, யாருக்குச் சொல்லவேண்டுமோ நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ஒரே ஒரு உதவி.

இன்று காலை என்னை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஸ்கூல்?"

"நடக்குதுங்க."

"நான் எப்ப வண்டி எடுக்கலாம்னு கேட்டியா?"

கேட்டிருந்தேன். சில வாரத்தில் எடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் வராந்தாவில் நின்று சொன்னீர்கள்.

"இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னுட்டாருங்க" என்றேன்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா என் கதி என்ன" என்றார். எனக்கும் அழுகை வந்தது. அது பொய்யில்லை.

நீங்கள் இப்போது அவரைப் பார்க்கப் போவீர்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் நான் சொன்னதையே நீங்களும் சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒன்று சொன்னால் மனிதர் குழம்பிப் போவார். இந்த நிலைமையில் அவருக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது. அவர் நிம்மதியாக இருக்கவேண்டும், டாக்டர். இத்தனை நாளும் நான் வேறு எதை நினைத்தேன்?