இடது கால் செருப்பு

தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, பயந்துட்டீங்களா சார்? ஒண்ணுமில்ல, என் செருப்புதான். இடது கால் செருப்பு. கழட்டி சீட்டுக்குப் பின்னால போட்டேன்.

ஆமா, ஒத்தச் செருப்போடதான் ஓட்டப்போறேன். சிரிங்க, சிரிங்க. உங்க விசாரணை ஃபைல்ல அதையும் ஒழுங்கீனம்னு ஒரு வரி எழுதியிருப்பாங்களே. பெல்ட் போட்டுட்டீங்களா? போட்டுக்குங்க. அந்த சீட்டுல உக்கார்றவங்க போட்டுக்கிறது நல்லது.

ஏன் கழட்டுறேன்னுதானே கேட்டீங்க? நம்ம லாண்டரியில ரெண்டு வேன். காலையில இந்தப் புது ஆட்டோமேட்டிக், துவைச்ச துணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். மத்தியானம் அந்தப் பழைய கியர் வேன், அங்கேருந்து அழுக்கை அள்ளிட்டு வரும். சுத்தமும் அழுக்கும் ஒரே வண்டியில ஏறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க கண்டிஷன். வண்டிதான் ரெண்டு. டிரைவர் ஒரே ஆளு, நான். காலையில ஒரு காலு வேலை, மத்தியானம் ரெண்டு காலு வேலை. ஒரே உடம்புக்கு.

பதினோரு வருஷம் கிளட்ச் மிதிச்ச காலு சார் இது. முத நாள் சிக்னல் விழுந்ததும் அது பாட்டுக்கு எழும்பி கிளட்சைத் தேடிப் போயிடுச்சு. இங்க ஏது கிளட்ச்? அகலமா ஒரு பிரேக்தான் இருக்கு. கிளட்சை அமுக்குற வேகத்துல பிரேக்கை அமுக்கினா என்ன ஆகும்? இஸ்திரி போட்டு அடுக்கின பெட்ஷீட் மொத்தமும் என் தலைமேல வந்து விழுந்துச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு நடுரோட்டுல உக்காந்திருந்தேன். மத்தியானம் அதுக்கு நேர்மாறு. கியர் வண்டியை நிறுத்துறப்போ கிளட்சை மறந்துடுவேன். ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆயிடும். பின்னால பஸ்காரன் ஹார்ன் மேலயே ஏறி உக்காந்துக்குவான்.

மூணாம் நாள் மழை. இடது செருப்பு வாரு அறுந்துபோச்சு. வெறுங்காலோட இந்த வண்டியில ஏறினேன். நம்புவீங்களோ மாட்டீங்களோ, அன்னைக்கு ஒரு தடவைகூட காலு எழும்பல. கீழே விரிச்ச ரப்பர் ஜில்லுன்னு உள்ளங்கால்ல பட்டதும் அதுக்குப் புரிஞ்சுபோச்சு. செருப்பு இல்லையா, உனக்கு வேலை இல்ல, கிட. செருப்பு மாட்டியாச்சா, எழுந்திரு. அவ்வளவுதான் பாடம். வாத்தியாரும் நான்தான், படிச்சதும் நான்தான். ஏழு மாசமாச்சு. தப்பா ஒரு மிதி கிடையாது.

இதோ, சிவப்பு. பாருங்க... நின்னாச்சா? உங்க மடியில டம்ளர் வச்சிருந்தாலும் சொட்டு சிந்தியிருக்காது.

அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு தெரியும் சார். சூப்பர்வைசர் எழுதினது. டிரைவரம்மாவுக்கு ஆட்டோமேட்டிக் பழகல, கிளட்ச்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சாங்க, பக்கத்து சீட்டுல இருந்த என் முன்பல்லு போச்சு, இவங்களை இஸ்திரிக்கூடத்துக்கு அனுப்பணும். சரிதானே? அந்தக் கூடம் யாரு பொறுப்புல இருக்கு? அவரு பொறுப்புலதான். அங்க பொம்பளைங்க அவருக்கு வச்ச பேரு கோந்து. ஏன்னு இப்போ கேக்காதீங்க, வருது.

எங்க வீட்டுக்காரரு காலையில கெஞ்சாத குறை. ஆமாங்க, காலு தப்பிடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு, பத்து நாள் பயிற்சி குடுத்து விட்டுடுவாங்கன்னாரு. படியிறங்குற வரைக்கும் நானும் தலையாட்டிட்டுத்தான் வந்தேன். ஆனா வண்டியில ஏறினதும் வாய் வரல சார். இந்தக் காலு மேல பழி போட எனக்கு வாய் வரல.

ரெண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் என்னன்னு ஆபீஸ்ல கேட்டீங்கள்ல? எல்லாரும் கிளட்சுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது இல்ல. பழைய வேன்ல எனக்கும் இந்த சீட்டுக்கும் நடுவுல கியர் கம்பி நிக்கும். என் கை அதுலயே கிடக்கும், முழங்கை இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல யாரு உக்காந்தாலும் அவங்கவங்க இடத்துல இருப்பாங்க. இதுல பாருங்க, கியருன்னு சொல்லி முன்னால ஒரு குமிழை வச்சுட்டான். நடுவுல ஒண்ணுமே இல்ல. வழிச்சுவிட்ட மாதிரி வெறும் இடம்.

நீங்க ஏன் சார் பையை எடுத்து மடியில வச்சுக்கிறீங்க? இருக்கட்டும். உங்களைச் சொல்லல.

லாண்டரி வந்துட்டோம். பழைய வேன் அதோ நிக்குது. இல்லல்ல, நீங்க குனிய வேணாம், செருப்பை நானே எடுத்துக்கிறேன்.

பேனா மூடி திறந்துதானே இருக்கு? இதையும் எழுதிக்குங்க. பல்லு போன அன்னைக்கு என் இடது கால்ல செருப்பு இல்ல. செருப்பில்லாத காலு தப்பா எழும்பாது, இவ்வளவு நேரம் பார்த்தீங்க. நேர் ரோடு. அவரு கை என் தொடை மேல வந்து ஒட்டிக்கிச்சு, கோந்து மாதிரி. முத தடவை இல்ல. எடுங்கன்னேன். ஆட்டோமேட்டிக்தானே, இந்தக் காலு சும்மாதானே இருக்குன்னாரு. கண்ணாடியில பார்த்தேன், பின்னால ஒரு வண்டி இல்ல. அவரு பெல்ட் போடல. போட்டா கை எட்டாதே. மிதிச்சேன். சும்மா இருக்குன்னாரே, அந்தக் காலாலயேதான் மிதிச்சேன்.

தெரிஞ்சு மிதிச்சேன்னு எழுதினா வேலை போயிடும்னு தெரியாம இல்ல. எழுதுங்க. அவரு கையையும் சேர்த்து எழுதுங்க. பழகலன்னு மட்டும் எழுதாதீங்க.

என்ன சார், பேனா நிக்குது? உக்காந்து யோசிங்க, அவசரமில்ல. எனக்குத்தான் நேரமாச்சு. அழுக்கு மூட்டை நாப்பத்திரெண்டு ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்கு. செருப்பு மாட்டியாச்சு. காலி டிராலியை அந்த வேன்ல ஏத்தணும். காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க, அதைக் கட்டுற கயிறு உங்க சீட்டுக்கடியில இருக்கு.