அவள் ஐந்து முறை கேட்டாள்

– பன்னெண்டு ஆச்சு. இன்னும் பதினெட்டு. வாயைத் திறங்க சார்.

– ஒரு நிமிஷம் சிஸ்டர், மூச்சு விட்டுக்கறேன். விஷயம் என்னன்னா, ஒவ்வொண்ணும் ஐஸ்கட்டி மாதிரி தொண்டையில இறங்குது.

– ஃப்ரீசர்ல இருந்து வந்தது, பின்ன சுடவா செய்யும்? வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள முப்பதும் உள்ளே போயாகணும். அதுக்கு மேல போனா உள்ளே இருக்கிற கிருமி செத்துடும். அப்புறம் இது மாத்திரை இல்ல, வெறும் கூடு. கடிகாரத்தைப் பாருங்க. இருபத்தஞ்சு நிமிஷம் போயிடுச்சு. அப்புறம் இன்னொண்ணு, நான் சிஸ்டர் இல்ல. லேப் டெக்னீஷியன். இதை அடைச்சவளே நான்தான்.

– கிருமியைக் கொல்லத்தானே ஆறு மாசமா மருந்து தின்னேன்? இப்ப கிருமியையே தின்னுங்கறீங்க. நல்ல கூத்து.

– டாக்டர் சொல்லியிருப்பாரே. அந்த மருந்து நல்லது கெட்டது பார்க்காம குடல்ல இருந்த எல்லாத்தையும் துடைச்சுடுச்சு. காலி வீட்டுல ரவுடி புகுந்துட்டான். மருந்து குடுத்தா பரண்ல ஒளிஞ்சுக்கறான், நிறுத்தினா இறங்கி வர்றான். அதனால ஆரோக்கியமான ஒருத்தர் வயித்துல இருந்து நல்ல கிருமியாப் பார்த்து எடுத்து, உங்க வீட்டுல குடி வைக்கறோம். பதிமூணு.

– ம்ம்... வயித்துல இருந்துன்னு நாசூக்காச் சொல்றீங்க. மலத்துல இருந்துன்னு டாக்டர் போட்டு உடைச்சுட்டார். கேட்டதும் என் சம்சாரம் எழுந்து வெளியே போயிட்டா. எனக்கு வேற வழி? மூணு தடவை திரும்ப வந்துடுச்சு. பதினெட்டு கிலோ இறங்கிட்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை பேதி. பேத்தி பள்ளிக்கூட மேடையில ஆடினப்ப, நான் கழிப்பறைக்குள்ள உக்காந்து பாட்டை மட்டும் கேட்டேன். நாலாவது தடவை வந்தா குடல்ல ஓட்டை விழும்னுட்டாங்க. என் உயிர் உங்க கையிலதாம்மா.

– தெரியும் சார். பதினாலு.

– இதைத் தானம் பண்ணின புண்ணியவான் யாருன்னு சொன்னா ஒரு கும்பிடு போட்டுக்குவேன்.

– புண்ணியவதி. பேரைச் சொல்லக் கூடாது, விதி.

– விதின்னா விதிதான். எனக்குச் சொல்ல வேணாம். நான் இருபத்திரெண்டு வருஷம் சூப்பர்வைசரா இருந்தவன்.

– சட்டை ஃபேக்டரியில. ரெண்டாவது மாடி, ஏழு லைன். ஷிப்டுக்கு ஒருத்திக்கு ரெண்டு டோக்கன். டோக்கன் குடுத்தாத்தான் கழிப்பறைக் கதவு திறக்கும். உள்ளே நாலு நிமிஷம். அஞ்சாவது நிமிஷம் வாட்ச்மேன் கதவைத் தட்டுவான்.

– இதெல்லாம் கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கா என்ன?

– மாஸ்க்கைக் கழட்டறேன். நல்லாப் பாருங்க. ஞாபகம் வருதா?

– விஷயம் என்னன்னா... நானூறு பொண்ணுங்கம்மா. எல்லாரும் தலையைக் குனிஞ்சு தைக்கிறவங்க. நான் பார்த்தது தலை வகிடைத்தான். முகத்தை எங்க பார்த்தேன்?

– சுத்தமா ஞாபகம் இல்லையா?

– சத்தியமா இல்ல.

– நல்லது. ரொம்ப நல்லது. பதினஞ்சு.

– நீங்க அங்க வேலை பார்த்தீங்களா?

– நானும் அக்காவும். அஞ்சாவது லைன், பக்கத்துப் பக்கத்து மெஷின். அவ காலர், நான் கை.

– அட! அக்கா இப்ப எங்க இருக்கா?

– சுவத்துல, போட்டோவுக்குள்ள. எட்டு வருஷமாச்சு.

– ...அந்தப் பொண்ணா?

– அந்தப் பொண்ணுதான். வகிடு ஞாபகம் வந்துடுச்சு போல. நீர்க்கடுப்பு சார். ஒரு மாத்திரையில போக வேண்டியது. நாலு நாள் அடக்கி அடக்கித் தைச்சா. கிட்னிக்கு ஏறிச்சு, ரத்தத்துல கலந்துச்சு, ரெண்டே நாள்ல முடிஞ்சுது. விசாரணையில நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க? நான் சொல்லட்டுமா? 'மேற்படி தொழிலாளி என்னிடம் ஒருமுறைகூட அனுமதி கேட்கவில்லை.' அட்சரம் பிசகாமச் சொல்லுவேன். பதினாறு. முழுங்குங்க.

– எனக்கு... எனக்கு அவசரம்மா. பாத்ரூம்.

– பூட்டியிருக்கு.

– சாவி?

– என் பாக்கெட்டுல.

– குடும்மா, புண்ணியமாப் போகும்.

– மருந்து உள்ளே தங்கணும் சார். ஒரு மணி நேரம் நகரக் கூடாது. விதி.

– டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலையே!

– டாக்டர் எண்டோஸ்கோப்பியில இருக்கார், நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். இந்த ஃபுளோருக்கு இப்ப நான்தான். பதினேழு.

– ஐயோ... முடியலம்மா... குமட்டுது வேற...

– வாந்தி எடுத்துடாதீங்க. எடுத்தா அடுத்த டப்பாவுக்கு மூணு மாசம் ஆகும். உங்க குடல் அது வரைக்கும் பொறுக்குமான்னு நீங்களே பார்த்துக்குங்க. தானம் குடுக்க ஆள் கிடைக்கறது அவ்வளவு லேசு இல்ல சார். இந்த வருஷம் எண்பது பேர் வந்தாங்க. ரத்தம், மலம், போன வருஷம் என்ன மருந்து சாப்பிட்டே, எங்க படுத்தே, எங்க எழுந்தே... பொண்ணு பார்க்க வர்றவங்ககூட அப்படி நோண்ட மாட்டாங்க. தேறினது ரெண்டு பேர். அதுல ஒருத்தன் காதலி பேரைக் கையில பச்சை குத்திக்கிட்டு வந்தான், ஊசி எப்படிப்பட்டதோன்னு அவனைத் தள்ளி வெச்சாச்சு. மிச்சம் ஒருத்திதான்.

– அவ... யாரு?

– அடுத்தவங்க பேரைத்தானே சொல்லக் கூடாது? என் பேரை நானே சொன்னா எந்த விதி தடுக்கும்?

– அப்ப... இது... உங்களோடதா?

– பதினேழு உள்ளே போயிடுச்சு சார். பதினேழும் நான்தான். லிஸ்ட்டுல உங்க பேரைப் பார்த்த அன்னிக்கே இந்த டப்பாவை உங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சேன்.

– த்தூ! சீ!

– துப்பாதீங்க! துப்பினா அது மாத்திரை இல்ல, உங்க உயிரு. ஃபேக்டரியில உங்க முதுகுக்குப் பின்னால நானூறு பேரும் உங்களை என்ன சொல்லித் திட்டுவோம்னு தெரியுமா? என்னத்தைத் தின்னுட்டுப் போகச் சொல்லுவோம்னு நான் வேற சொல்லணுமா? உங்க வாய்க்கே இப்ப தெரிஞ்சிருக்கும்.

– நீ... நீ மனுஷியா? பழி வாங்கற.

– பழியா? குணமாக்கறேன் சார்! பத்துல எட்டு பேருக்கு இதுல சரியாகுது. உங்களுக்கும் ஆகும். அதுக்கப்புறம் ஆயுசு பூரா உங்க குடல்ல நான்தான் குடித்தனம். ஒவ்வொரு தடவை வயிறு நிறையச் சாப்பிட்டு ஏப்பம் விடறப்பவும் என்னை நினைச்சுக்குங்க. வாடகை வேணாம்.

– என்னதான் வேணும் உனக்கு?

– உண்மை. இதோ போன், இப்ப இருந்து பதிவு ஓடுது. அக்கா கேட்டாளா இல்லையா, அதை உங்க வாயால சொல்லுங்க.

– மிரட்டி வாங்கினது கோர்ட்டுல நிக்காது. இதுகூடத் தெரியாத ஆளா நான்?

– கோர்ட்டுக்கு யாரு போறா? கேஸ் எப்பவோ மூடியாச்சு. இது எங்க அம்மாவுக்கு. உங்க கடிதாசியை விசாரணை ஆபீஸர் வாசிச்சுக் காட்டினதுல இருந்து அம்மா அழுறதில்ல சார், திட்டுறா. உங்களை இல்ல, செத்தவளை. 'பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேக்காமயே செத்தியே'ன்னு எட்டு வருஷமா அந்தப் போட்டோவைப் பார்த்துத் திட்டுறா. விளக்குகூட ஏத்த மாட்டேங்கறா. அவ காதுல இது விழணும். அவ்வளவுதான்.

– நான் சொல்லலைன்னா?

– பாக்கி பதிமூணு மாத்திரை. இருபது நிமிஷம். ஒரு சாவி. உங்களால எதை முதல்ல தாங்க முடியலைன்னு பார்ப்போம்.

– பாவி... சாவியைக் குடுத்துடு... சொல்றேன்...

– சொல்லுங்க, குடுக்கறேன். ரெண்டு டோக்கன்னு யாரு போட்ட விதி? கம்பெனியா?

– ஆமா... கம்பெனி...

– சரி, உக்காந்திருங்க. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்.

– இரு, இரு! போகாதே! கம்பெனி இல்ல. கம்பெனி அப்படி ஒண்ணும் சொல்லல. சட்டை எண்ணிக்கை ஏறணும்னு நானாப் போட்டது. மேல இருக்கிறவங்களுக்கே தெரியாது.

– ஒரு மணி நேரம் நகரக் கூடாதுங்கறதும் டாக்டர் விதி இல்ல சார். நானாப் போட்டது. இந்தாங்க சாவி, ஓடுங்க.

...

– அவசரமே வேணாம் சார்! நல்லா உக்காருங்க! நான் வாட்ச்மேன் இல்ல, கதவைத் தட்ட மாட்டேன்!

– கதவுக்கு வெளியே நின்னு கத்தாதேம்மா... காரிடார்ல ஆள் இருக்காங்க...

– எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

...

– வந்துட்டீங்களா? தண்ணி குடிங்க. பன்னெண்டு நிமிஷம் இருக்கு. அக்கா உங்ககிட்ட டோக்கன் கேட்டாளா?

– முதல்ல மாத்திரையைக் குடு. நேரம் போகுது.

– வாயில உண்மை இருந்தா மாத்திரைக்கு எப்படி இடம் இருக்கும்? முதல்ல அது வெளியே வரட்டும்.

– ...கேட்டா.

– போனைப் பார்த்துச் சொல்லுங்க.

– கேட்டா. அந்தப் பொண்ணு என்கிட்ட டோக்கன் கேட்டா.

– எத்தனை தடவை?

– கடைசி நாள்... அஞ்சு தடவை. என் கண்ணாடி ரூமுக்கு வந்து வந்து நின்னா. நான் தரல. விசாரணையில எழுதிக் குடுத்தது பொய். போதுமா?

– கேட்டியாம்மா? அஞ்சு தடவைம்மா. வாயைத் திறந்து அஞ்சு தடவை கேட்டிருக்கா உன் பொண்ணு. இனிமே அவளைத் திட்டாதே... இந்தாங்க சார். பதினெட்டு. பத்தொன்பது. வேகமா, வேகமா. நான் சொன்னா சொன்னதுதான், ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன்.

– இரு, தண்ணி... ம்ம்... குடு.

– இருபத்தி நாலு. இருபத்தஞ்சு. பரவாயில்லையே, இப்ப குமட்டலையா?

– பழகிடுச்சு. குடு.

– இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது! நாக்கைக் காட்டுங்க. சரி. இன்னும் நாலு நிமிஷம் மிச்சம். பிழைச்சுக்கிட்டீங்க சார். ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

– எல்லாம் உள்ளே போயிடுச்சு இல்ல? இனி நீ நினைச்சாலும் வெளியே எடுக்க முடியாது?

– முடியாது. பயப்படாதீங்க.

– இப்ப ஏன் பயம்? விஷயம் என்னன்னா, எனக்குத்தான் இனி எந்த அவசரமும் இல்லையே. போன் இன்னும் ஓடுதாம்மா?

– ஓடுது. ஏன்?

– பாதியில விட்டா அம்மாவுக்குக் குறையா இருக்கும். அந்த அஞ்சாவது தடவையையும் சொல்லிடறேன்.

– அதான் சொல்லிட்டீங்களே. கேட்டா, தரல. அது போதும்.

– தரலதான். ஏன் தரலைன்னு கேக்க மாட்டியா? அஞ்சாவது தடவை வந்தப்ப அவ முகம் வெளுத்து, மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எனக்கே மனசு கேக்கல. 'மெஷினுக்குப் போம்மா, பின்னாலயே குடுத்தனுப்பறேன்'னு சொன்னேன். டோக்கனைக் கையில எடுத்துட்டேன். இந்த ஒண்ணு பொய் இல்ல. என் பேத்தி மேல சத்தியம்.

– கதை விடாதீங்க சார். நேரமாச்சு, நான் ரூமைச் சுத்தம் பண்ணணும்.

– கேளும்மா. டோக்கனோட எழுந்திருக்கறேன், அஞ்சாவது லைன்ல இருந்து, அவ பக்கத்து மெஷின் பொண்ணு உள்ளே வர்றா. 'குடுக்காதீங்க சார், அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, உள்ளே போன்ல பேசத்தான் போறா, அவளால எங்க லைனே பின்தங்குது'ன்னு சொல்றா. நானும் நம்பிட்டேன். நம்பாம எப்படி இருப்பேன்? சொன்னது வேத்தாள் இல்லையே. டோக்கனைத் திரும்ப டிராயர்ல போட்டுட்டேன்.

– போதும்னு சொன்னேன் இல்ல?

– அடுத்த மாசமே அவளை அந்த லைனுக்கு லீடர் ஆக்கினேன். பொறுப்பான பொண்ணுன்னு நினைச்சு. அந்த முகம் எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது.

– சார்... நிறுத்துங்க... கையெடுத்துக் கும்பிடறேன்...

– அட, ஏம்மா போனை எடுத்து பதிவை அணைச்சுட்டே? அந்தப் பொண்ணு யாருன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!