பிரேசில் போன பையன்

—பேச்சை மாத்தாதேம்மா. அந்தக் கடைசி அத்தியாயத்தை எப்ப எழுதினே?

—முதல்ல காரை எடுடா கிம்பல், பச்சை விழுந்தாச்சு. நூலகத்துல எல்லாரும் வந்து உக்காந்திருப்பாங்க. நான் போய் வாசிக்கணும்.

—எடுக்கறேன். நீ சொல்லிக்கிட்டே வா.

—எத்தனை தடவைடா சொல்றது? நீ ரெண்டு வருஷ ஊழியத்துக்கு ஜப்பான் கிளம்பறதுக்கு முன்னாடியே நாவல் முழுக்க முடிஞ்சுபோச்சு. வேணும்னா பதிப்பாளரைக் கேளு.

—யாரு, கார் ஷெட்ல புத்தகம் போடறாங்களே, அந்தப் புருஷன் பொண்டாட்டியா?

—நக்கல் பண்ணாதே. ஊர்ல பெரிய புத்தகக் கடைக்காரங்க கையில வாங்கிக்கூடப் பாக்கலை. அந்த ஷெட்லேர்ந்து வந்த புத்தகம்தான் இப்ப பரிசுப் பட்டியல்ல நிக்குது.

—ஏன் நிக்காது? முன்னெல்லாம் நம்ம மார்மன் சபைக் கதைன்னா, பையன் ஊழியம் போவான், நாலு பேருக்கு ஞானஸ்நானம் குடுப்பான், காத்திருந்த பொண்ணைக் கோயில்ல கல்யாணம் பண்ணிப்பான், சுபம். இப்ப பையன் பாதியில ஓடி வந்தாத்தானே பரிசு!

—இரு இரு. இது உன் பேச்சு இல்லையே. நம்ம சபை சிஸ்டர் பெக்ஸ்டெட் ஏதாச்சும் ஓதினாளா?

—ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் என் தோளைத் தொட்டு, "புத்தகத்துல உன்னைப் பத்திப் படிச்சேன் தம்பி, அழுதுட்டேன்"னாங்க. அந்தப் பையன் நான்தான்னு சபையே முடிவு பண்ணியாச்சு.

—அவ கிடக்கறா! நீ திரும்பி வந்த மறுநாள் உருளைக்கிழங்குல சீஸைக் கொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு வந்தாளே, ஞாபகம் இருக்கா? எழவு வீட்டுக்குக் கொண்டு போற பண்டம்டா அது. உயிரோட உக்காந்திருக்கற பிள்ளைக்குக் கொண்டு வரா.

—நல்லாத்தான் இருந்துது. அதை விடு. அந்தப் பையன் எட்டாம் மாசம் திரும்பறான். நானும் எட்டாம் மாசம் திரும்பினேன்.

—அவன் பிரேசில் போனவன்! இந்தா பாரு, அது தற்செயல். நீ எழுதின மெயிலையெல்லாம் திருடிக் கதை பண்ணிட்டேன்னு நெனக்கறியா? உங்கப்பாவும் அப்படித்தான் ஒரு மாதிரியா பாக்கறார்.

—நான் அப்படிச் சொல்லவே இல்லையே.

—சொல்லணுமா? வந்த நாள்லேர்ந்து போலீஸ்காரன் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கே. சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். நீ ஏன் வந்தே? இன்னிவரைக்கும் வாயைத் திறக்கலை. பொண்ணு விவகாரமா?

—அந்தக் குளிர்ல மூக்கு நுனிதான் வெளியில தெரியும். பொண்ணாம்!

—உடம்புக்கு ஏதாச்சும்?

—இல்லை.

—பின்னே என்னதான்? பெத்தவகிட்ட சொல்ல முடியாததை, அந்தப் பல் டாக்டர்கிட்ட கதவைச் சாத்திக்கிட்டு என்னடா பேசறே?

—பல் டாக்டரா இருந்தாலும் அவர்தானேம்மா நம்ம பிஷப். நான் சொன்னதை முழுசாக் கேட்டார். நடுவுல ஒண்ணும் சொல்லலை.

—நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லு.

—ஒவ்வொரு வீடாத் தட்டி, "இது உண்மை, எனக்குத் தெரியும்"னு சாட்சி சொல்லணும். என்கூட வந்தவன் சொல்லும்போது கேக்கவே நல்லாருக்கும். நான் சொன்னா, எனக்கே பொய் சொல்ற மாதிரி இருந்துது. எனக்குத் தெரியாதும்மா. நம்பணும்னு ஆசைதான். ஆனா தெரியாது.

—ஐயோ, மெதுவாப் பேசு. இதை வேற யார்கிட்டயும் சொல்லிவைக்கலையே?

—கார்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.

—உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சின்னு ஆக வேண்டாமா?

—உன் பிரேசில் பையனும் இதையேதானே சொல்றான்? அவன் சொன்னதைப் பக்கம் பக்கமா எழுதினே. யாரும் அவனை மெதுவாப் பேசச் சொல்லலையே.

—அது கதைடா!

—அதனாலதான் கேக்கறேன். கடைசி அத்தியாயத்தை மனசார எழுதினியா? பரிசு குடுக்கறவங்களுக்குப் பிடிக்கும்னு பின்னாடி ஒட்ட வச்சியா?

—இப்படியாடா கேப்பே? சமையலறை மேசையில உக்காந்து அழுதுக்கிட்டே எழுதினேன். நீ பெட்டி கட்டிக்கிட்டிருந்த அதே வாரம். ஒரு வரிகூடப் பிறகு மாத்தலை. உன்கிட்டேர்ந்து நான் எதையும் எடுக்கலை. இப்பவாவது நம்பறியா?

—அது எனக்கு முன்னாடியே தெரியும். கிளம்பறதுக்கு முந்தின நாள், உன் கம்ப்யூட்டர்ல படிச்சேன்.

—படிச்சிட்டியா? படிச்சிட்டா இத்தனை கேள்வி கேட்டே? என்னடா வேணும் உனக்கு? சரி சரி, இங்கேயே நிறுத்து. வாசல்ல பெக்ஸ்டெட் நின்னு கையாட்டறா. சிரிச்ச முகமா இரு.

—இன்னிக்கு அதைத்தானே வாசிக்கப் போறே?

—ஆமா, அதைத்தான் கேட்டிருக்காங்க. நீ உள்ள வரியா இல்லையா?

—அவன் ஊர் வந்து இறங்கறான். வரவேற்க பலூன் இல்லை, பேனர் இல்லை. அவங்கம்மா மட்டும் அத்தனை பேரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கறா. எங்கம்மாதானே எழுதியிருக்கான்னு நம்பித்தாம்மா நான் திரும்பி வர விமானம் ஏறினேன். நான் வந்து இறங்கின அன்னிக்கு, ஏர்போர்ட்ல நீ காரை விட்டே இறங்கலை.