உறைக்குள் காய்த்த பேரி

பேரிக்காய் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தலை நரைக்கும்வரை அந்த மரங்களோடு கிடந்தவன் இப்படிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தின்னப் பிடிக்காது என்றுதான் சொன்னேன். மரம் வேறு விஷயம்.

அந்த மரத்துக்கு ஒரு வீம்பு உண்டு. தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. பக்கத்தில் நிற்கும் அதே ரக மரமும் உதவாது. ஒட்டுக் கட்டி வளர்த்தவை எல்லாம் ஒரே உடம்புதானே. மகரந்தம் விழும், முளைக்கும், மெல்லிய குழாயாகப் பூவின் நடுவே உள்ள சூல்தண்டுக்குள் இறங்கும். பாதி வழியில் பூ அதை அடையாளம் கண்டுகொள்ளும். தன்னுடைய மரபணுவே அதிலும் இருப்பது தெரிந்ததும் நஞ்சூட்டிக் கொன்றுவிடும். நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். குழாயின் நுனி வீங்கி அப்படியே நின்றுபோகும். சத்தமில்லை, ரத்தமில்லை. சுத்தமான வேலை.

தன் மகரந்தத்திலேயே காய்க்கும் மரத்தை உண்டாக்குவதுதான் ஆராய்ச்சித் தோட்டத்தில் என் பொறுப்பு. மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். என் மரம் ஒன்று காய்த்தது. வெளி மகரந்தம் புகாதபடி மொட்டிலேயே காகித உறை கட்டிய கிளையில் காய்த்தது. இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கூட்டி அறிவிக்க ஏற்பாடாயிற்று.

அதற்கு முந்தைய நாள் மதியம் கருவிக் கொட்டகைக்கு என் தங்கை வந்தாள். எங்கள் தோட்டத்து மரபணு ஆய்வுக்கூடத்தில்தான் அவளும் வேலை செய்தாள். விதைகளைச் சோதிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தவனே நான்தான்.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எல்லா விதையிலயும் வேற ரகத்தோட மரபணு இருக்கு.”

“உறை கட்டியிருந்தேனேம்மா.”

“எப்படியோ உள்ள போயிருக்கு. நாளைக்கு அறிவிக்க வேணாம். நானே இயக்குநர்கிட்ட பக்குவமா சொல்றேன். உங்க பேரு கெடாம பாத்துக்கறேன்.”

சொல்லிக்கொண்டே என் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். என்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். வெளியாள் சொன்னால் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுவார்கள். கூடப்பிறந்தவள் சொன்னால் மறுபேச்சே கிடையாது. அதைத்தான் எடைபோட்டேன். கோபம் வரவில்லை.

பெரிய மரச்சுத்தியலால் அடித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணா, பட்டுடுச்சு” என்றாள், நான் கை தவறி அடித்துவிட்டதுபோல. மறுபடி அடித்ததும் பேச்சு நின்றது. கை மட்டும் என் காலைத் தேடிப் பிடித்தது. அவளை வதைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் கத்தியை எடுத்தேன். கழுத்து நாம் நினைப்பதைவிடக் கெட்டியானது.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்.

“மச்சான், அவ எங்க? போனை எடுக்கவே மாட்டேங்கறா” என்று கேட்டபடியே கொட்டகைக்குள் வந்துவிட்டார். பார்த்ததும் ஓடினார். கிளை வெட்டும் அரிவாளோடு வரிசைகளுக்கு நடுவே துரத்தினேன். அந்த வேலை நேர்த்தியாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிறவரை நேர்த்தியாக வெட்ட முடியாது. முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. தண்ணீர்க் குழாய் தடுக்கி விழுந்தார்.

“புள்ளைங்க இருக்கு மச்சான்.”

“நான் பாத்துக்கறேன்” என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் முடித்தேன்.

மறுநாள் கூட்டத்தில் நன்றாகவே பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே வந்தால் போலீஸ் ஜீப்போடு நீங்கள் நிற்கிறீர்கள்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தங்கை சொன்னது தப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த உறைக்குள் வேறு மகரந்தம் போயிருக்க வழியே இல்லை. தேனீயை விடவில்லை, காற்றை விடவில்லை, ஒரு வேலையாளைக்கூட அண்டவிடவில்லை. நான் மட்டும்தான். பூக்கிற பருவத்தில் தினமும் காலையில் அடுத்த வரிசைக்குப் போய், வேறு ரகப் பூக்களிலிருந்து மகரந்தம் உதிர்த்துச் சேர்ப்பேன். அது முடிந்ததும் அதே கையோடு நேரே என் மரத்துக்கு வந்து, உறையைப் பிரித்து, ஒவ்வொரு பூவையும் விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். என்னைத் தவிர வேறு யார் கையும் அதில் பட்டதே இல்லை.