பெரிதாகத் தைத்த சட்டை

“செத்த பிள்ளைக்குப் பதிலா வேற பிள்ளை தந்திருக்கினம், அக்கா.”

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகர டிராமில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள். உகாண்டாவில் தாய் தகப்பனில்லாத பிள்ளைகளை ஓர் ஊர்ப் பெண்கள் சங்கம் வளர்க்கிறது, அதில் ஒரு பிள்ளைக்கு இவள் இங்கிருந்து உதவுகிறாள் என்பது பேச்சில் விளங்கியது.

“என்ன வருத்தம் வந்து செத்ததாம்?”

“தாய்க்கு வந்த அதே வருத்தம்தான். இது புதுப் பிள்ளையின்ர படம், பாருங்கோ.”

மூத்தவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது நீர் நத்தார்ப் பண்டிகைக்குத் தைச்சு அனுப்பின சட்டையெல்லே?”

“ஓம். அங்க உடுப்பெல்லாம் பொதுவாம்.”

“தோளால வழியுது.”

“வளருற பிள்ளையெண்டு பெருசாத் தைச்சனான். அது அளவாகிறதுக்குள்ள அந்தப் பிள்ளை போயிட்டுது. இந்தப் பிள்ளைக்கும் பெருசாத்தான் கிடக்கு, அக்கா.”